அம்மா கழுவிய எட்டு கம்ப்யூட்டர்கள்

கம்ப்யூட்டரைத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, பிரஷ் போட்டுத் தேய்த்து, செராமிக் சூளைக்குப் பக்கத்தில் பொம்மைகளோடு பொம்மையாகக் காய வைத்து, மறுபடியும் ஓட வைத்தவள் என் அம்மா. இதை ஆபீசில் சொன்னால் சின்னப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். "மேடம், சும்மா அடிச்சு விடாதீங்க" என்கிறார்கள். சிரிக்கட்டும். ஃபோன் கீழே விழுந்து ஒரு கீறல் விழுந்தால் புதுசு வாங்கக் கடைக்கு ஓடுகிறவர்களிடம் நான் என்ன சொல்லி விளங்க வைப்பது? உங்களிடம் சொல்கிறேன். நாற்பதைத் தொட்டுவிட்டு, ஊசியில் நூல் கோக்கக் கண்ணாடி தேடுகிற என் வயதுக்காரர்களே, உங்களுக்குத்தான் இது புரியும். செருப்பை வெளியே விட்டுவிட்டுக் கம்ப்யூட்டர் ரூமுக்குள் போனவர்கள் நாம். மானிட்டருக்கு உறை தைத்துப் போட்டதைப் பார்த்தவர்கள். ஒரு ஃப்ளாப்பியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஊரையே விலைக்கு வாங்கியவர்கள் போல நடந்தவர்கள்.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. விருத்தாசலத்தில் செராமிக் கம்பெனிகள் இருக்கிற பக்கம் எங்கள் வீடு. அப்பா ஒரு கம்பெனியில் எலக்ட்ரீஷியனாக இருந்தார். அதை மூடிவிட்டார்கள். அதன் பிறகு காயலான் கடை பாயிடம் ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கி வந்து, பிரித்துப் பிரித்து மாட்டி, மூன்றே மாதத்தில் ரிப்பேர் வேலையைப் பிடித்துக்கொண்டார். பெரிய ஆபீசுகள் ஏலம் விட்டுத் தள்ளும் கம்ப்யூட்டர்களைப் பாய் லாரியில் கொண்டுவந்து குடோனில் அடுக்குவார். மூன்று செத்ததில் உயிரோடு இருப்பதை எல்லாம் எடுத்து அப்பா ஒன்று செய்வார். அது பத்திரம் எழுதுகிறவர் மேசைக்கோ, அரிசி மில்லுக்கோ போகும். புதுசு வாங்க முடியாதவர்களுக்கெல்லாம் அப்பாதான் கம்பெனி, அப்பாதான் கியாரண்டி.

எங்கள் முன்னறையில் நடக்க இடம் இருக்காது. ஈயப்பற்று வைக்கிற வாசனையும் சூடான பிளாஸ்டிக் வாசனையும் எப்போதும் இருக்கும். நான் வீட்டுப்பாடம் எழுதும்போது பக்கத்தில் ஏதாவது ஒரு பெட்டி 'பீப்' என்று கத்தும். ஒரு நீளக் கத்தல், இரண்டு குட்டைக் கத்தல் என்றால் என்ன கோளாறு என்று வாய்ப்பாடு மாதிரி எனக்குத் தெரியும். கணக்கில் நான் வாங்கிய மார்க்கை இங்கே கேட்காதீர்கள்.

மவுஸுக்குள்ளே ஒரு உருண்டை இருக்குமே, ஞாபகம் இருக்கிறதா? ரப்பர் தோல் போர்த்த இரும்புக் குண்டு. எந்த ஸ்கூலில் மவுஸ் ஓடவில்லை என்று கூப்பிட்டாலும் அப்பா ஒரு உருண்டையைப் பையில் போட்டுக்கொண்டுதான் கிளம்புவார். பசங்கள் கழற்றிக்கொண்டு போயிருப்பார்கள். உடைந்த மவுஸில் இருந்து எடுத்தது என்று என்னிடமும் ஒரு டப்பா நிறைய இருந்தது. உள்ளங்கையில் வைத்தால் அந்தக் கனம் அவ்வளவு சுகம். வீடு மாறியபோது டப்பாவோடு தொலைந்தது. கடையில் கேட்டால் கிடைக்கிற பொருளா அது? இன்றைக்கும் வயிறு எரிகிறது.

எங்கள் ஊர்க் கம்ப்யூட்டர்களுக்கு ஒரு தனி வியாதி உண்டு. செராமிக் கம்பெனி ஆபீசில் இருந்து வருகிற பெட்டியைத் திறந்தால் உள்ளே பவுடர் அடித்ததுபோல இருக்கும். வெள்ளைக் களிமண் தூசி. விசிறியில் அப்பி, சிப்புகளின் காலெல்லாம் மூடி, மாவு மில்லுக்குள் வைத்த மாதிரி இருக்கும். அப்பா வாயால் ஊதுவார். அம்மாவுக்கு அது ஆகாது.

"எச்ச தெறிக்குது. கொஞ்சம் நவுருங்க" என்று சொல்லி, தன் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு வந்து உட்காருவாள்.

அம்மா பொம்மை கம்பெனியில் பினிஷிங் வேலை பார்த்தாள். அச்சில் இருந்து எடுத்த பச்சைப் பொம்மையின் ஓரத்து மடிப்பைப் பிளேடால் சுரண்டி, ஈர ஸ்பஞ்சால் துடைத்து, பிள்ளையாரின் காதுமடல் வரைக்கும் வழவழவென்று ஆக்கிப் பலகையில் அடுக்க வேண்டும். சுடாத பொம்மை கொஞ்சம் அழுத்திப் பிடித்தால் கையோடு வந்துவிடும். அந்தக் கையால் அம்மா பிரஷ் பிடித்தால் கம்ப்யூட்டர் போர்டில் ஒரு பொட்டுத் தூசி மிஞ்சாது. கூடவே அப்பா சொல்லிக்கொண்டிருப்பார், "பாத்து, பாத்து, அது ஒடஞ்சிடப் போவுது" என்று. அம்மாவின் பிரஷ் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

அப்பாவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அப்பாவுக்குத் தப்பு வராது. அவர் மாட்டிய கம்ப்யூட்டர் ஓடவில்லை என்றால் கரண்டு சரியில்லை, எலி கடித்துவிட்டது, ஆயுத பூஜைக்கு ஃப்ளாப்பி வாயில் சந்தனம் அப்பிவிட்டார்கள். உண்மையிலேயே ஒருவர் அப்படி அப்பியிருந்தார் என்பதால் அந்தக் காரணம் அப்பாவுக்கு ரொம்ப நாள் கைகொடுத்தது. நல்ல மனிதர், நல்ல வேலைக்காரர். "நான்தான் தப்பு பண்ணிட்டேன்" என்ற வார்த்தை மட்டும் அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை.

அப்பாவின் பெரிய வாடிக்கை டைப்ரைட்டிங் மாஸ்டர். ஆற்றுப் பக்கம் இறங்குகிற தெருவில் அவர் இன்ஸ்டிட்யூட் இருந்தது. ஒரே நீள ஹால். நீள மேசைகளில் ஒரு பக்கம் டைப்ரைட்டர்கள், அதே மேசையின் மறுபக்கம் எட்டு பழைய கம்ப்யூட்டர்கள். எட்டையும் அப்பாதான் செய்து கொடுத்தார். அரசாங்கக் கம்ப்யூட்டர் பரீட்சைக்கு அங்கே படிக்க கருவேப்பிலங்குறிச்சி, கம்மாபுரம் என்று சுற்று வட்டாரத்தில் இருந்தெல்லாம் அக்காமார்கள் பஸ் ஏறி வருவார்கள்.

அந்த எட்டில் மாதம் ஒன்றுக்கு ஹார்ட் டிஸ்க் போய்க்கொண்டே இருந்தது. அப்பா ஒருநாள் மேசையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பதினைந்து டைப்ரைட்டர்கள் அடிக்கிற அடியில் மேசை ஜுரம் வந்ததுபோல நடுங்கியது.

"மாஸ்டர், இந்த ஆட்டத்துலதான் டிஸ்க்கு சாவுது. மானிட்டரு மேலயே இருக்கட்டும். பொட்டிங்கள அத்தனையும் தரையில எறக்குங்க" என்றார்.

மாஸ்டர் யோசித்தார். "மழ காலம் வருதேப்பா. ஆத்துத் தண்ணி எதுனா ஏறிச்சின்னா?"

"நான் பொறந்து வளந்த ஊரு மாஸ்டர். இந்தத் தெருவுக்குள்ள தண்ணி வந்து நான் பாத்ததில்ல. எறக்குங்க, நான் சொல்றேன்."

ஸ்கூல் விட்டு நானும் அங்கேதான் இருந்தேன். எட்டு பெட்டிகளையும் அப்பாவே இறக்கினார். அதன் பிறகு இரண்டு மாதம் ஒரு டிஸ்க்கும் சாகவில்லை. அப்பா சொன்ன காரணம் சரியானதுதான், அதை மறைக்கக் கூடாது.

கார்த்திகையில் மழை பிடித்தது. இரண்டு நாள் விடாமல் கொட்டியது. மணிமுத்தாறு கரை தாண்டி அந்தத் தெருவுக்குள் வந்தது. தெருவில் கரண்டை நிறுத்திவிட்டார்கள். மாஸ்டரின் வீடு ஆற்றுக்கு அந்தப் பக்கம். சாவியோடு அவர் அங்கேயே மாட்டிக்கொண்டார். மூன்றாம் நாள் தண்ணீர் வடிந்து கதவைத் திறந்தபோது ஹாலில் முழங்கால் உயரத்துக்குச் சுவரில் கோடு. தரையெல்லாம் சேறு. மேசை மேல் இருந்த டைப்ரைட்டர்களும் மானிட்டர்களும் ஒன்றும் ஆகாமல் உட்கார்ந்திருந்தன. கீழே எட்டு பெட்டிகளும் சேற்றில் கிடந்தன. அப்பா ஒன்றைத் தூக்கினார். ஃப்ளாப்பி வாயில் இருந்து தண்ணீர் ஒழுகியது.

பரீட்சைக்குச் சரியாகப் பன்னிரண்டு நாள் இருந்தது. அந்த இன்ஸ்டிட்யூட்டிலேயே பரீட்சை வைக்க மாஸ்டர் அலையாக அலைந்து அப்போதுதான் அனுமதி வாங்கியிருந்தார். பரீட்சை அன்று காலையில் அதிகாரி வந்து பார்க்கும்போது ஆறு கம்ப்யூட்டராவது ஓட வேண்டும். ஓடாவிட்டால் அங்கே பரீட்சை கிடையாது, அடுத்த வாய்ப்புக்கு ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். கருவேப்பிலங்குறிச்சி அக்கா ஒருத்திக்கு டைப்பிஸ்ட் வேலை கூடி வந்திருந்தது. இந்தத் தடவை பாஸ் செய்தால்தான் அந்த வேலை. அவள் எழுதாமல் போனால் அதற்கு யார் பொறுப்பு என்பது அப்பாவுக்குத் தெரியும், மாஸ்டருக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

கடலூரில் இருந்து ஒரு இஞ்சினியரை மாஸ்டர் வரவழைத்தார். அவர் பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு ஒரு பெட்டியைப் பார்த்தார். மீதி ஏழைப் பார்க்கவில்லை. "எடைக்குப் போட்டுடுங்க சார்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டார். எடைக்கு எடுக்கிற பாயும் வந்தார். பார்த்துவிட்டு, "எனக்கு இத எடுத்துட்டுப் போவ மனசு வரல மாஸ்டர். ரெண்டு நாளு கழிச்சு வரேன்" என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்.

அன்றைக்கு மத்தியானம் அந்த அக்காவின் அப்பா வந்தார். விவசாயி. காலில் வயல் சேறு காயவில்லை. ஹாலைப் பார்த்ததும் அவருக்குத் தாங்கவில்லை.

"ஏங்க மாஸ்டர், படிச்சவரு தானே நீங்க? கரண்டு பொட்டிய யாராவது தரையில வைப்பாங்களா? எங்க வூட்ல நெல்லு மூட்டையக்கூட பலக போட்டுத்தாங்க அடுக்குவோம். எம் பொண்ணு பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டீங்களே" என்று சத்தம் போட்டார். தெருவில் நாலு பேர் கூடிவிட்டார்கள்.

மாஸ்டர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "வச்சாச்சுங்க. தப்புதான்" என்றார்.

அப்பா இரண்டடி தள்ளி நின்றிருந்தார். கையில் ஸ்க்ரூ டிரைவர். அதையே திருகிக்கொண்டிருந்தார். இப்போது சொல்வார், இப்போது சொல்வார் என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். அப்பா சொல்லவில்லை. என் அப்பாவை நினைத்து நான் வெட்கப்பட்டது அந்த ஒரு தடவைதான். மாஸ்டரைக் கோழை என்றும் அன்றைக்கு நினைத்தேன். அப்பா பெயரை அவர் சொல்லியிருந்தால் அதற்கப்புறம் ஊரில் யார் அப்பாவைக் கூப்பிட்டு ஒரு வயரைத் தொடச் சொல்லியிருப்பார்கள்? அந்த மனிதர் எங்கள் வீட்டு அடுப்பைக் காப்பாற்றத்தான் வாயை மூடிக்கொண்டிருந்தார் என்பது எனக்கு எத்தனையோ வருஷம் கழித்துத்தான் உறைத்தது.

வேலை விட்டு வந்த அம்மாவிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அம்மா அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு அப்படியே இன்ஸ்டிட்யூட்டுக்குக் கிளம்பினாள். நாங்கள் பின்னாலேயே போனோம். அங்கே ஒரு பெட்டியைத் திறக்கச் சொல்லி, உள்ளே படிந்திருந்த சேற்றை நகத்தால் வழித்து, விரலில் வைத்துத் தேய்த்துப் பார்த்தாள்.

"வண்டல்தான். இன்னும் ஈரமா இருக்குது. காஞ்சு கெட்டிச்சுட்டாதான் கஷ்டம். இப்பவே கழுவிடலாம்" என்றாள்.

அப்பாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "கழுவுறதா? ஒனக்கு இன்னா கிறுக்கா? கம்ப்யூட்டருல தண்ணி பட்டா செத்துடும்."

"மூணு நாளா தண்ணியிலதான் கெடந்துச்சு. இன்னும் ரெண்டு சொம்பு ஊத்துனா மட்டும் கொறஞ்சிடுமா?"

மாஸ்டர் அத்தனை கவலையிலும் சிரித்துவிட்டார். அம்மா விடவில்லை. "தண்ணி வந்தப்ப கரண்டு இருந்துச்சா?"

"தெருவுக்கே இல்ல" என்றார் மாஸ்டர்.

"அப்ப உள்ள எதுவும் கருகி இருக்காது. அழுக்குதான பட்டிருக்குது? அழுக்க எடுத்துட்டு, ஈரத்தப் போக்கணும். இதத்தாங்க பதினோரு வருசமா நான் பண்றேன்."

அப்பா இன்னும் முணுமுணுத்தார். மாஸ்டர்தான், "எடைக்குப் போறத கழுவிப் பாத்தா என்னப்பா நட்டம்? எடுத்துட்டுப் போங்கம்மா" என்றார். எட்டும் ஒரு மாட்டு வண்டியில் எங்கள் வீட்டுக்கு வந்தன.

மறுநாள் அம்மா லீவு போட்டாள். அப்பா ஒவ்வொன்றாகப் பிரித்து, போர்டில் காசு மாதிரி இருக்கிற பேட்டரியைக் கழற்றிவிட்டுக் கொடுத்தார். பின்கட்டில் துணி துவைக்கிற தொட்டியில் வைத்து அம்மா கழுவினாள். தண்ணீரை மெல்ல ஊற்றி, பிரஷ்ஷால் சிப்புகளின் இடுக்கில் இருக்கிற சேற்றை இளக்கி, மறுபடி ஊற்றுவாள். கலங்கல் ஓடி ஓடி, பச்சை போர்டு மழையில் நனைந்த இலை மாதிரி வெளியே வந்தது. பக்கத்து வீட்டு அத்தை மதில் மேல் எட்டிப் பார்த்தது.

"இன்னாம்மா, கம்ப்யூட்டருக்குத் தலைக்கு ஊத்துறீங்களா? சீயக்கா இருக்குதா, இல்ல எங்க வூட்ல இருந்து குடுக்கவா?"

"எண்ண தேச்சுட்டு அப்புறம் கேக்குறேன் அண்ணி" என்றாள் அம்மா, தலையைத் தூக்காமல்.

கழுவி முடித்தும் அம்மாவுக்குத் திருப்தி இல்லை. "நம்மூரு தண்ணி உப்பு. பொம்மைய இதுல தொடச்சு வச்சா காஞ்சதும் வெள்ளையாப் பூத்துக்கும். கடைசியா ஒருவாட்டி நல்ல தண்ணியில அலசணும். பேட்டரிக்கு ஊத்துவாங்களே, அந்தத் தண்ணி வாங்கிட்டு வாங்க" என்றாள். அப்பா சைக்கிளில் போய்க் கேன் கேனாக வாங்கி வந்தார். உப்புப் பூத்தால் கரண்டு எங்கே எங்கேயோ ஓடிவிடும் என்பது அப்பாவுக்குத் தெரியும். அம்மாவுக்கு அது எப்படித் தெரிந்தது என்று அவர் கேட்கவில்லை, ஆனால் முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டு சொன்னதைச் செய்தார்.

காய வைப்பதுதான் பெரிய வேலை. வானம் மூடியே இருந்தது. அம்மா கம்பெனி மேஸ்திரியிடம் போய் நின்றாள். சூளையின் சூட்டைத் திருப்பிவிட்டுப் பொம்மை காய வைக்கிற அறை அங்கே உண்டு. அதில் இரண்டு பலகை இடம் கேட்டாள்.

"பொம்மைக்கே எடம் இல்லாம முழிக்கிறேன். மொதலாளி பாத்தா என்னைய சூளையில ஏத்திடுவாரு" என்றார் மேஸ்திரி.

"பதினோரு வருசத்துல எதுனா கேட்டிருக்கேனா அண்ணே?"

மேஸ்திரி தலையைச் சொறிந்தார். "கதவாண்ட ரெண்டு பலக எடுத்துக்க. நான் பாக்கல" என்றார்.

சாயங்காலங்களில் ஸ்கூல் பையோடு நேராக அங்கே போய்விடுவேன். கதவைத் திறந்தால் பச்சை மண் வாசனையோடு வெதுவெதுப்பான காற்று முகத்தில் அடிக்கும். வெள்ளை வெளேரென்று பிள்ளையார்கள், கிளிகள், குதிரைகள். அவற்றுக்குக் கீழே இரண்டு பலகையில் எட்டு மதர்போர்டு. பொம்மைகளைத் திருப்புகிற நேரத்தில் அம்மா அவற்றையும் திருப்பி வைப்பாள். கூட வேலை செய்த பெண்களுக்குக் கொண்டாட்டம்.

"இதுக்குக் கண்ணு மூக்கு எழுதணுமா, இல்ல இப்படியே சூளையில ஏத்திடலாமா?" என்று ஒரு அக்கா கேட்டது. அம்மாவும் சேர்ந்து சிரித்தாள்.

மூன்றாம் நாள் அப்பாவுக்குப் பொறுமை போய்விட்டது. ஒரு போர்டைத் தொட்டுப் பார்த்து, "காஞ்சிடுச்சு, எடுத்துட்டுப் போறேன்" என்றார்.

"கையில தெரியாதுங்க. கன்னத்துல வச்சுப் பாருங்க. ஈரம் இருந்தா குளிரும்" என்றாள் அம்மா. பினிஷிங் பெண்கள் எல்லோரும் அப்படித்தான் பார்ப்பார்கள். பொம்மையை எடுத்துக் கன்னத்தில் வைத்து, குளிர்ந்தால் திரும்பப் பலகையில் வைத்துவிடுவார்கள். ஈரப் பொம்மை சூளைக்குள் போனால் வெடித்துவிடும்.

"மதர்போர்டக் கொஞ்சச் சொல்றியா? போ அந்தாண்ட" என்று அப்பா அதைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். வீட்டில் மாட்டி ஸ்விட்சைப் போட்டார். 'பட்' என்று ஒரு சத்தம். ஒரு சிப்பின் அடியில் இருந்து புகை வந்தது. கருகின நாற்றம் வீடெல்லாம் பரவியது. அப்பா ஸ்விட்சை அணைத்துவிட்டு அந்தப் பெட்டிக்கு முன்னால் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அம்மா வந்து பார்த்தாள். திட்டவில்லை. ஜன்னலைத் திறந்துவிட்டுச் சோறு வடிக்கப் போனாள். அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

அடுத்த நாள் அப்பா தானாகவே காய வைக்கிற அறைக்கு வந்தார். அத்தனை பெண்கள் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு போர்டை எடுத்து, மூன்று நாள் தாடிக் கன்னத்தில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

"குளிருது" என்றார்.

"அப்ப வச்சுடுங்க" என்றாள் அம்மா.

ஒருத்தியும் சிரிக்கவில்லை. எட்டாம் நாள்தான் அம்மா தலையாட்டினாள்.

ஏழு போர்டு மிஞ்சியிருந்தது. ஹார்ட் டிஸ்க்கில் பாதிதான் பிழைத்தது. மீதிக்குப் பாய் குடோனையே கவிழ்த்துத் தேடிக்கொண்டு வந்தார். பவர் சப்ளையும் அவர் கொடுத்ததுதான். முதல் பெட்டிக்கு அப்பா ஸ்விட்சைப் போட்டார். குட்டையாக ஒரே ஒரு 'பீப்'. நல்லபடியாக எழுந்துவிட்டேன் என்று அதற்கு அர்த்தம். திரையில் எழுத்து ஓட ஆரம்பித்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டு எனக்கு அழுகை வந்துவிட்டது, சொல்வதற்கு என்ன வெட்கம்? ஐந்து அப்படியே எழுந்தன. ஆறாவது கத்திக்கொண்டே இருந்தது. நான் என் அழி ரப்பரை எடுத்துக் கொடுத்தேன். அப்பா ரேமின் மஞ்சள் பற்களைப் பளபளவென்று தேய்த்து மாட்டினார். அதுவும் எழுந்தது. ஏழாவதை என்ன செய்தும் எழுப்ப முடியவில்லை. ஆறு. அதிகாரி கேட்ட ஆறு. ஒன்று நின்றாலும் பரீட்சை போச்சு.

பரீட்சை அன்று காலை ஏழரைக்கே அங்கே இருந்தோம். அம்மா அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்து, வாசல் தூணோரம் அக்காமார்களுக்குப் பின்னால் நின்றாள். பெட்டிகள் மறுபடி மேசை மேல் ஏறியிருந்தன. டைப்ரைட்டர்களை எல்லாம் ஓரமாக நகர்த்தி உறை போட்டிருந்தார்கள். கருவேப்பிலங்குறிச்சி அக்காவும் அவள் அப்பாவும் முதல் பஸ்ஸுக்கே வந்துவிட்டார்கள். அந்த அக்கா ஹால் டிக்கெட்டைச் சுருட்டிச் சுருட்டி அதன் முனையே தேய்ந்துபோயிருந்தது.

அதிகாரி வந்தார். ஒவ்வொரு கம்ப்யூட்டராகப் போட்டு, ஒரு வரி அடித்து, பிரிண்ட் எடுத்துப் பார்த்தார். ஆறும் ஓடின. அவர் நம்ப முடியாமல் சுவரில் இருந்த தண்ணீர்க் கோட்டைப் பார்த்தார்.

"வெள்ளத்துல எல்லாம் போயிடுச்சுன்னு ஆபீசுக்குத் தகவல் வந்துச்சே. புதுசா வாங்கினீங்களா?"

"இல்லிங்க. தண்ணியில கெடந்த அதே மிஷினுங்கதான்" என்ற மாஸ்டர் அப்பாவைக் காட்டினார். "இவருதாங்க சரி பண்ணாரு. எங்க ஊரு ஆளு."

அதிகாரி சந்தோஷமாகக் கையை நீட்டினார். அப்பா அந்தக் கையைப் பிடிக்கவில்லை. பிறகு, அந்த அக்காவின் அப்பா நின்ற பக்கம் பார்த்துச் சொன்னார்.

"பொட்டிங்கள தரையில எறக்கச் சொன்னது நான்தாங்க. மாஸ்டரு வேணாம்னுதான் சொன்னாரு. நான்தான் தண்ணி வராதுன்னு அடிச்சுச் சொன்னேன். அவர அன்னிக்கு எல்லாரும் பேசுனப்ப வாயத் தொறக்காம நின்னுட்டேன். கழுவிக் காய வச்சது எங்க வூட்லங்க. நடுவுல நான் அவசரப்பட்டு ஒண்ணக் கொளுத்துனேன். எழுப்புனது அவங்க."

அந்த விவசாயி மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர், "விடுங்க, விடுங்க" என்று கையை ஆட்டிக்கொண்டே மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எல்லோரும் தூணோரம் திரும்பினார்கள். அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அவள் முன்முடியில் வெள்ளை மண் தூசி ஒட்டியிருந்தது.

"நீங்க என்ன படிச்சிருக்கீங்கம்மா?" என்றார் அதிகாரி.

"எட்டாவதுங்க."

"கம்ப்யூட்டர் எங்க கத்துக்கிட்டீங்க?"

"கம்ப்யூட்டரு எனக்குத் தெரியாதுங்க. காய வைக்கத் தெரியும்" என்றாள்.

அதிகாரி சிரித்தபடி மணியைப் பார்த்தார். பரீட்சை ஆரம்பமாகட்டும் என்றார். அன்று பொழுது சாய்கிற வரைக்கும் குழு குழுவாக உட்கார்ந்து எழுதினார்கள். ஆறில் ஒன்றுகூட நிற்கவில்லை. அந்த அக்கா பாஸ் செய்தாள், அந்த வேலைக்கும் போனாள். அம்மாவைப் பற்றிச் சொல்லும்போது என் நெஞ்சு நிமிர்வதை நான் மறைப்பதில்லை, அப்பாவைப் பற்றிச் சொல்லும்போதும் அப்படித்தான்.

வீட்டுக்கு நடந்து வரும்போது அம்மா கேட்டாள். "எறக்கச் சொன்னத சொன்னீங்க, சரி. ஒண்ணக் கொளுத்துனத எதுக்குச் சொன்னீங்க? அத யாரு கேட்டா?"

"சொல்ல ஆரம்பிச்சேனா, அதுவும் சேந்து வந்துடுச்சு" என்றார் அப்பா. அம்மா கடைத்தெரு வரும் வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சேத்தியாத்தோப்பில் இருந்து ஒருவர் வந்தார். வெள்ளத்தில் நனைந்த கம்ப்யூட்டரைச் சாக்கில் சுற்றி சைக்கிள் கேரியரில் கட்டியிருந்தார். வாசலில் ஸ்டாண்டு போட்டுவிட்டு, முன்னறையில் வேலையாக இருந்த அப்பாவிடம், "இங்க கம்ப்யூட்டரு கழுவுற அம்மா இருக்காங்களாமே?" என்று கேட்டார்.

அப்பா எழுந்தார். "இருக்காங்க, உள்ள வாங்க" என்று தன் நாற்காலியைத் துடைத்து அவருக்குப் போட்டுவிட்டு, அடுக்களைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"ந்தா, கொஞ்சம் வந்துட்டுப் போ. ஒன்னத் தேடித்தான் வந்திருக்காங்க."